மலைநாட்டுப் புளித்தண்டும் நான்கு தட்டு மஃபினும்

ஓகஸ்ட் விடுமுறைக்கு நுவரெலியாவிலிருந்து வந்த மச்சாள், லீக்ஸும் கரட்டும் நிரம்பிய பையின் அடியிலிருந்து ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய கட்டொன்றை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். பதினொரு தண்டுகள். அடி சிவப்பு, நுனி பச்சை, பெருவிரல் மொத்தம். நிறுத்துப் பார்த்தேன்: 780 கிராம். பக்கத்து வீட்டார் கொடுத்த கிழங்கை நட்டுத் தம் வளவில் வளர்த்தவை என்றார்.

"இதுதான் ரூபார்ப். பழம்போலக் கேக்கில் போடுவார்கள். உன்னிடம் ஓவன் இருக்கிறது, செய்து பார்."

கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பகல் முழுதும் பஸ்ஸில் வந்தவை, எங்கள் திருகோணமலை உப்புவெளி வெக்கைக்குள் நுழைந்தபோது வாடித் தொய்ந்திருந்தன. அடியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பில் நிமிர்த்திக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்று மணி நேரத்தில் விறைத்து நிமிர்ந்துவிட்டன. முறித்தால் சத்தம் கேட்டது. எவ்வளவு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் தண்டு இது என்பதை நான் அந்த இடத்திலேயே கவனித்திருக்க வேண்டும். ரூபார்ப் தண்டின் எடையில் நூற்றுக்கு 93 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அடுத்த நாள்களில் எனக்கு நேர்ந்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீரால் வந்தவை.

அடுப்புக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. இரண்டு தண்டுகளில் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அகன்று, சேப்பங்கிழங்கின் இலையைப் போலச் செழித்திருந்த அதைக் கண்டதும் அம்மா வெட்டுப்பலகையை இழுத்தார். "நல்ல கீரையாக இருக்கிறது, தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை செய்யலாம்." கையைப் பிடித்து நிறுத்தினேன். ரூபார்ப் இலை நஞ்சு. அதில் ஒட்சாலிக் அமிலம் மிகுதி. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் காய்கறித் தட்டுப்பாடு வந்தபோது இந்த இலையைக் கீரையாக உண்ணலாம் என்று பரிந்துரைத்து, உண்டவர்கள் நஞ்சேறி இறந்ததும் உண்டு. தண்டை மட்டுந்தான் உண்ண வேண்டும். இலையைத் தாளில் சுற்றி, அயல் ஆடுகளுக்கு எட்டாதபடி ஆழப் புதைத்தேன். வீட்டில் கீரை வீணாகக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் இருந்தால், தண்டை வீட்டுக்குள் எடுக்குமுன் இலையை வெட்டிவிடுங்கள்.

அம்மா அப்படி நினைத்ததிலும் நியாயம் உண்டு. நாம் பருப்போடு கடைந்து உண்ணும் சுக்கான் கீரையும் ரூபார்ப்பும் ஒரே தாவரக் குடும்பம். நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு வாங்கும் ரேவல்சின்னிக் கிழங்கும் இதே பேரினத்து வேறொரு செடியின் கிழங்குதான். இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் இருந்த அந்நியம் போய்விட்டது. "அப்படியானால் நம்முடைய மருந்துச் சரக்குத்தானே" என்றார். தண்டு வயிற்றைக் கலக்காது, கிழங்கில் உள்ள அந்தக் குணம் தண்டில் மிகக் குறைவு என்று விளக்கிய பிறகே மாவை எடுத்தேன்.

முதல் தட்டு மஃபின், அதாவது சிறு கிண்ணக் கேக், கெட்டது. எப்படிக் கெட்டது என்பதை விரிவாகவே எழுதுகிறேன், அதிலிருந்துதான் மற்றவை வந்தன.

250 கிராம் தண்டைச் சுண்டுவிரல் நீளத் துண்டுகளாக நறுக்கினேன். 200 கிராம் கோதுமை மா, 120 கிராம் எருமைத் தயிர், அரைக் கோப்பைப் பால், ஒரு முட்டை, 70 கிராம் பட்டர், 130 கிராம் சீனி. தண்டு புளிப்பு என்பதால் ஒரு முழுத் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டேன்; புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது என் கணக்கு. ஓவனின் திருகியை 180இல் வைத்து இருபது நிமிடம். வெளியே வந்தவற்றின் நடு குழிந்திருந்தது. அடி களியாக இருந்தது. காகிதக் கிண்ணத்தை உரித்தால் பாதி மஃபின் அதோடு போனது. வாயில் சவர்க்கார ருசி. எல்லாவற்றிலும் என்னை வருத்தியது நிறம்: ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் சாம்பல் பச்சை வளையம்.

நிறத்தின் காரணம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே நாம் பார்த்ததுதான். செவ்வரத்தம்பூச் சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும், சவர்க்கார நீர் விட்டால் பச்சையாகும். ரூபார்ப்பின் சிவப்பும் அதே அந்தோசயனின் வகை நிறமி. சோடா மிஞ்சினால் நிறம் மாறிவிடும். புளிப்பு இருந்தும் சோடா ஏன் மிஞ்சியது? புளிப்பு துண்டுக்குள் அடைபட்டிருக்கிறது. மாவு இறுகுவதற்குள் அது முழுதாக வெளியே வந்து சோடாவோடு கலப்பதில்லை. மாவுக்குள் உண்மையில் கலந்திருந்த புளிப்பு தயிர் மட்டுமே. அந்த 120 கிராம் தயிருக்கு கால் தேக்கரண்டி சோடா போதும். எழும்புவதற்கு மீதி வேலையைப் பேக்கிங் பவுடர் செய்யும்.

இந்த இடத்தில் ஓவனையும் சந்தேகித்தேன். மேசையில் வைக்கும் சிறிய ஓவன், ஒரு நேரத்தில் 12 குழித் தட்டு ஒன்றுதான் உள்ளே போகும். வெப்பமானி என்னிடம் இல்லை. ஆனால் சீனி இருந்தது. வெள்ளைச் சீனி ஏறக்குறைய 186 பாகை செல்சியஸில் உருகும். அலுமினியத் தாளைக் கிண்ணமாக மடித்து ஒரு தேக்கரண்டி சீனி போட்டுத் திருகியை 190இல் வைத்தேன். பதினைந்து நிமிடமாகியும் சீனி மணல் போலக் கிடந்தது. 200இல் வைத்தேன், ஓரத்தில் ஒரு மணிகூட அசையவில்லை. 210க்குத் திருப்பிய பிறகு ஓரம் கண்ணாடியாகி உருகத் தொடங்கியது. ஆக என் ஓவனின் திருகி உண்மையைவிட இருபது பாகை கூட்டிச் சொல்கிறது. முதல் தட்டை நான் 160 பாகையில் வேகவைத்திருக்கிறேன். சிறிய மஃபினுக்கு அது மிகக் குறைவு: மா எழும்பி இறுகுவதற்குள் தண்டு அவிந்து நீரைக் கக்கிவிடுகிறது. 190 பாகை உண்மை வெப்பம், பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம். இதுதான் சிறிய குழிக்குச் சரி. மேசை ஓவன் வைத்திருக்கும் எல்லோரும் இந்தச் சீனிச் சோதனையை ஒருமுறையாவது செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி சீனிதான் செலவு.

பகலில் கச்சான் காற்று குசினிக்குள் அனலாக அடிக்கிற மாதம் அது. பட்டர் மேசையில் வைத்ததும் உருகி ஓடும். அதனால் இரண்டாம் தட்டிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கினேன். கோணேசர் கோவில் மணியோ கடலோ கேட்கிற அளவுக்கு ஊர் அமைதியாக இருக்கும் நேரம், ஓவன் சூட்டையும் உடம்பு தாங்கும்.

இந்த முறை 200 கிராம் தண்டு. ஏழெட்டு மில்லிமீற்றர் கனத்துக்கு நறுக்கினேன். சிறிய மஃபினில் பெரிய துண்டு நீர்க்குழியாகிவிடும். தோல் உரிக்கவில்லை, இளந்தண்டுக்குத் தேவையில்லை, நிறமும் தோலில்தான் இருக்கிறது. ஒரு தண்டு மட்டும் நாரோடியிருந்தது. அதன் நாரை முருங்கைக்காய்க்கு இழுப்பது போல இழுத்தெடுத்தேன். துண்டுகளோடு 40 கிராம் சீனியும் ஒரு தேக்கரண்டி துருவிய இஞ்சியும் சேர்த்துப் பிரட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மணி நேரம் ஊறவிட்டேன்.

கண்ணாடிக் கிண்ணம் என்று சொன்னது தற்செயலாக இல்லை. ஒட்சாலிக் அமிலம் அலுமினியத்தைத் தின்னும். பழைய அலுமினியச் சட்டியில் ரூபார்ப்பைக் காய்ச்சினால் சட்டி பளபளக்கும், அந்த உலோக ருசி உணவில் இருக்கும். குழித் தட்டு அலுமினியமாக இருந்தால் காகிதக் கிண்ணம் போட்டே ஊற்ற வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்புச் சாறு திரண்டுவிட்டது. அரித்தெடுத்து அளந்தேன், மூன்றரை மேசைக்கரண்டி. மாவுக்குள் போய் அடியைக் களியாக்கியிருக்கும் தண்ணீர் இது. இதை ஊற்றிவிடப் பார்த்த என்னை மச்சாள்தான் நிறுத்தினார். "பாலை நிறுத்திவிட்டு இதை விடேன்." சரியான யோசனை. பாலின் இடத்தில் இந்தச் சாற்றைத் தயிரோடு அடித்துச் சேர்த்தேன். வெளியேற வேண்டிய நீர் முன்கூட்டியே வெளியேறிக் கணக்குக்குள் வந்துவிட்டது. மணமும் போகவில்லை, புளிப்பும் போகவில்லை. சாற்றின் புளிப்பு இப்போது உண்மையாகவே மாவில் கலந்திருப்பதால் கால் தேக்கரண்டி சோடாவும் மிஞ்சவில்லை.

ரூபார்ப்பை அறிமுகப்படுத்தும் பலர் அதன் புளிப்புக்குப் பயந்து சீனியைக் கொட்டுகிறார்கள். நான் அதற்கு எதிர். அந்தப் புளிப்பில் பெரும்பங்கு மாலிக் அமிலம், பச்சை அப்பிளில் இருப்பது. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்த நமக்கு அந்தப் புளிப்பு எதிரியாக முடியாது. அடக்க வேண்டியது தண்ணீரை. புளிப்பை விட்டுவிட வேண்டும். மாவுக்கு 90 கிராம், ஊறலுக்கு 40 கிராம் சீனி. அதற்கு மேல் ஒரு கரண்டியும் வேண்டாம்.

இரண்டாம் தட்டு எழும்பியது, அடி காய்ந்திருந்தது, நிறம் சிவந்தே நின்றது. படங்களில் பார்க்கும் ரோசாச் சிவப்பு இல்லை. மலைநாட்டுத் தோட்டத்தில் வெயிலில் வளர்ந்த தண்டு பாதி பச்சைதான். அந்தச் சிவப்புத் தண்டுகள் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் வேக்ஃபீல்ட், லீட்ஸ் பக்கத்து இருட்டுக் கொட்டகைகளில் வளர்ப்பவை. வெளிச்சம் படாமல் வளர்த்து, மெழுகுவர்த்தி ஒளியில் பறிப்பார்கள். 2010இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பும் கிடைத்தது. நம்முடைய பச்சைத் தண்டிலும் புளிப்புக்குக் குறைவில்லை.

ஆனாலும் இரண்டு குறைகள் இருந்தன. மஃபினின் தலை கூம்பி, உள்ளே நீண்ட துளைகள். மாவை அதிகம் கலக்கிவிட்டேன். கோதுமைப் புரதம் இழுபட்டு இறுகியதன் அடையாளம் அது. பன்னிரண்டு பதின்மூன்று முறை அகப்பையை அடியிலிருந்து புரட்டினால் போதும், அங்கங்கே உலர் மா தெரியும்போதே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ரொட்டி மா குழைத்துப் பழகிய கை நிற்க மறுக்கிறது.

அடுத்தது, இரண்டாவது சுற்றில் போனவை. தட்டு ஒன்றுதான் என்பதால் மீதி மா கால் மணி நேரம் காத்திருந்தது. அதற்குள் துண்டுகள் மறுபடி நீர் விட்டு, மா தளர்ந்து, தட்டையாக வந்தன.

மூன்றாம் தட்டில் இரண்டையும் சேர்த்துத் தீர்த்தேன். முதலாவதற்கு வழி அம்மாவின் டப்பாவில் இருந்தது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவைத் துணியில் முடிந்து அவித்து, அரிதட்டில் அரித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவித்த மாவை ரொட்டிக்குக் குழைத்தால் இழுபடாமல் பொலபொலவென்று உடையும். ஆவிச் சூட்டில் அந்தப் புரதம் தன் பிடியை இழந்துவிடுகிறது. மஃபினுக்கு வேண்டியது அந்தப் பொலபொலப்புத்தான் என்று தோன்றியது. 200 கிராமில் 50 கிராம் அவித்த மாவும் 150 கிராம் பச்சை மாவும் எடுத்தேன். அவித்த மாவில் சிறு கட்டிகள் இருக்கும், இரண்டு தரம் அரிக்க வேண்டும். கேக் மா என்று தனியாக விற்பதை வாங்கத் தேவையே இல்லாமல் போயிற்று. குடாவின் அக்கரையில், சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரீமா ஆலையில் அரைபடுகிற அதே கோதுமை மா. வழக்கம்போல் பிட்டுக்கு வாங்கிய பையிலிருந்து எடுத்ததுதான்.

பாதி மாவையும் அவித்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். 200 கிராமுக்கு 100 கிராம் அவித்த மா என்ற கணக்கில் ஒரு சிறு பங்கைத் தனியே செய்து பார்த்தேன். எழும்பியது நிற்கவில்லை, உதிர்ந்து கையில் கொட்டியது. நாலில் ஒன்று என்பதே அளவு.

காத்திருக்கும் மாவுக்குத் தீர்வு எளிது. தண்டை மொத்த மாவில் போடவில்லை. உலர்ந்தவற்றைக் கலந்து ஒரு பாத்திரத்தில், நனைந்தவற்றை அடித்து ஒரு பாத்திரத்தில் தனித்தனியே வைத்தேன். முதற் சுற்றுக்குப் பாதியைச் சேர்த்து, பாதித் துண்டுகளைப் போட்டுப் புரட்டி, ஊற்றி, ஓவனுக்குள் அனுப்பினேன். அது வெந்து முடியும் தறுவாயில் மறு பாதி. துண்டுகளை மாவில் போடுமுன் ஒரு மேசைக்கரண்டி உலர் மாவில் பிரட்டியதும் உதவியது. தட்டை ஏழாம் நிமிடத்தில் ஒருமுறை திருப்பி வைத்தேன். ஓவனின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடு.

ஆக மூன்றாம் தட்டின் கணக்கு இதுதான்: 150 கிராம் பச்சை மா, 50 கிராம் அவித்த மா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, கால் தேக்கரண்டி உப்பு, 90 கிராம் சீனி, ஒரு முட்டை, 120 கிராம் எருமைத் தயிர், உருக்கி ஆறவைத்த 70 கிராம் பட்டர், தண்டு விட்ட சாறு முழுதும், 40 கிராம் சீனியிலும் ஒரு தேக்கரண்டி இஞ்சியிலும் ஊறி வடிந்த 200 கிராம் தண்டு. இருபத்தேழு சிறு மஃபின்கள் வந்தன. தட்டில் இரண்டு சுற்று, மீதி மூன்றை இட்டலித் தட்டுக் குழிகளில் எண்ணெய் தடவி ஊற்றினேன், அவையும் பழுதில்லை.

வெட்டிப் பார்த்தபோது உள்ளே சிறு சிறு துளைகளோடு மென்மையாக இருந்தது. தண்டு வெந்து, உருக்குலையாமல், கடிக்கும்போது நாக்கின் ஓரத்தில் புளித்தது. தயிரின் கொழுப்பு அந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடித்தது. அப்பா இரண்டு மட்டும் உண்டார்; அவருக்கு முன்பு சிறுநீரகக் கல் இருந்தது. ஒட்சாலிக் அமிலத்தின் உப்பான ஒட்சலேற்று மிகுந்த உணவு அப்படிப்பட்டவர்களுக்குக் கூடாது, ஆகையால் அவருக்கென்று நான்கைத் தண்டில்லாமல் சாறு மட்டும் சேர்த்துச் செய்யலாமா என்று யோசித்தேன். ஆனால் சாற்றிலும் அமிலம் இருக்கிறது. பிறகு அவருக்கு வாழைப்பழ மஃபின் தனியாகச் செய்து கொடுத்தேன்.

மேலே தூவ பட்டரும் சீனியும் மாவும் பிசைந்த பொருக்கு ஒன்றும் செய்து பார்த்தேன். ஓவனிலிருந்து வந்ததும் மொறுமொறுப்பாக இருந்தது, மாலைக்குள் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் அதை விட்டுவிடலாம். மஃபினையும் சூட்டோடு மூடாதீர்கள். முழுதாக ஆறவிட்டு, டப்பாவின் அடியில் தாளை விரித்து வையுங்கள். அடுத்த நாள் காலை வரைதான் அதன் நல்ல நேரம்.

மச்சாள் விடுமுறை முடிந்து போய்விட்டார். 120 கிராம் தண்டு நறுக்கி உறைபெட்டியில் இருக்கிறது. இங்கே நட்டு வளர்க்கலாமா என்று அயலார் கேட்டார்கள். ரூபார்ப் குளிரை விரும்பும் செடி, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் நிற்பது கடல்மட்டத்து மணலில் நிற்காது. அப்போதுதான் கிணற்றடியில் நிற்கும் பிலிம்பி மரத்தைப் பார்த்தேன். அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் தொங்கும் பச்சைக் காய். மீன்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் பறிப்பது போக மீதி நிலத்தில் விழுந்து அழுகும். நீர் மிகுதி, புளிப்பு மிகுதி, ஒட்சாலிக் அமிலமும் உண்டு. செடிகளுக்குள் உறவில்லை, குணங்கள் அப்படியே ஒத்துப்போகின்றன.

நான்காம் தட்டு பிலிம்பியில். 150 கிராம் காயை வட்டமாக, நான்கு மில்லிமீற்றர் கனத்தில் நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பும் 20 கிராம் சீனியும் போட்டு அரை மணி நேரம் வைத்தேன். இதன் புளிப்பு ரூபார்ப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்கும், அதனால் சாற்றை மாவில் விடவில்லை. கையால் அழுத்திப் பிழிந்து தனியே வைத்துவிட்டு, துண்டுகளை மேலும் 40 கிராம் சீனியில் பிரட்டினேன். சாற்றின் இடத்தில் மூன்று மேசைக்கரண்டி பால். இஞ்சிக்குப் பதில் ஏலக்காய் மூன்று. மற்றவை மாறவில்லை. பிலிம்பிச் சாற்றை மருந்தென்று கோப்பை கோப்பையாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கேரளத்து மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள், ஆகவே பிழிந்த சாற்றைச் சர்பத்தாக்கும் எண்ணம் வேண்டாம். ஒரு மஃபினில் இருப்பது நாலைந்து வில்லை மட்டுமே.

பதின்மூன்றாம் நிமிடத்தில் வெளியே எடுத்தேன். நட்சத்திரம் போன்ற வெட்டுமுகம் மேலே தெரிந்தது, ஓரம் பொன்னிறம். ரூபார்ப்பின் மணம் இதற்கு இல்லை. புளிப்பு கூர்மையாக முதலில் வந்து, ஏலக்காய் பின்னால் வந்தது. அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி, இன்னொன்றை எடுத்தார். "இது நல்லது. மற்றதை விட இது எங்களுடையது."

பிழிந்து வைத்த சாறு கிண்ணத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறது என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கக் கிணற்றடிக்குப் போனார்.